போன்சாய் தட்டு கடைசியாத்தான்: நாட்டு மரக்கன்னுங்க எனக்கு கத்துக்குடுத்தது

நாலு வருஷம் ஒரு ஆலங்கன்ன ஆழமில்லாத போன்சாய் தட்டுல வெச்சு பாத்துக்கிட்டேன். தெனமும் தண்ணி, மாசம் ஒருக்கா உரம், நுனி நீண்டா கிள்ளி விடறதுன்னு ஒண்ணு விடாம செஞ்சேன். நாலாவது வருஷம் முடிஞ்சு வெர்னியர் வெச்சு அளந்தா தண்டு ஒன்றரை சென்டிமீட்டர். நட்டப்போ ஒண்ணே கால் இருந்துச்சு. அதே மரத்துப் பழத்துல முளைச்ச இன்னொரு கன்னு, வெக்க எடமில்லன்னு தண்ணித் தொட்டி ஓரமா ஒரு கிழிஞ்ச சாக்குல மண்ணோட நின்னுச்சு, அதை நான் திரும்பிக்கூட பாத்ததில்ல, அது அடியில என் மணிக்கட்டு மொத்தத்துக்கு வந்திருந்துச்சு. சாக்கை நகத்த பாத்தேன், அசையல, கிழிசல் வழியா வேர் தரைக்குள்ள எறங்கி இருந்துச்சு.

தட்ட தூக்கிட்டு வந்து அது பக்கத்துல வெச்சு ரெண்டையும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு புரிஞ்ச ஒரு விஷயத்தத்தான் இங்க முழுசா எழுதப் போறேன். போன்சாய் தட்டுல மரம் வளராது, வளந்த மரம் அந்த அளவுலயே நிக்கும், அவ்வளவுதான். இளங்கன்ன வாங்கி நேரா தட்டுல வெக்கிறவங்க எல்லாரும் (நானும் அப்படித்தான்) பென்சில் மாதிரி தண்டு மேல நாலு இலையோட வருஷக்கணக்கா ஒக்காந்திருப்பாங்க.

காரணம் ரொம்ப எளிமை. தண்டு பருக்கணும்னா இலை சமைக்கிற சத்து அந்த தண்டு வழியா கீழ எறங்கணும். எத்தனை இலை, எத்தனை நீளமான கிளை மேல ஓடுதோ அதுக்கு ஏத்தாப்புல அதுக்கு கீழ இருக்கிற பகுதி எல்லாம் பருக்கும், மேல இருக்கிற பகுதி பருக்காது. இது நல்லா மனசுல பதிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. தட்டுல வேருக்கு எடம் இல்ல, வேர் ஓடலன்னா கிளை ஓடாது, போதாததுக்கு நீண்ட நுனியெல்லாம் நாமளே கிள்ளி எறிஞ்சிடறோம், அப்புறம் தண்டு எதை வெச்சு பருக்கும் சொல்லுங்க.

நாட்டு மரத்துக்கு எப்படி வந்தேன்னா, ஆரம்பத்துல எல்லாரையும் போல எனக்கும் ஜூனிப்பர் ஆசைதான், குளிர் நாட்டு ஊசியிலை மரம் அது. ஒண்ணு வாங்கினேன், ஏழே மாசம். ஜூனிப்பர் செத்தாலும் பல வாரம் பச்சையாவே இருக்கும், அது தெரியாம நான் செத்த மரத்துக்கு தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். அதுக்கு குளிர்காலத்துல ஓய்வு வேணும், நெசமான குளிர் வேணும், வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற எடத்துல அது கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போயிடும். தப்பு மரத்து மேல இல்ல. நம்ம வெயில், நம்ம மழை, நம்ம காத்துல தானா முளைச்சு நிக்கிற மரத்தை எடுத்தா இந்த சண்டையே கெடையாது, நீங்க உருவம் குடுக்கிறதுல மட்டும் கவனம் வெக்கலாம், உயிரோட வெச்சிருக்கிறதுக்கே பாடுபட வேண்டியதில்ல.

நாட்டு மரம்னா எதுன்னு ஒரு வார்த்தை. காகிதப்பூ தென் அமெரிக்கா, கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கம், புளிய மரம்கூட பூர்வீகம் ஆப்பிரிக்காதான். மூணுமே போன்சாய்க்கு அருமையா வரும், நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஆல், இச்சி (ஆலுக்கு சொந்தக்கார மரம்), அரசு, பராய், களா, காட்டெலுமிச்சை, நாவல், விளா, குரங்கு வெத்தலை இதெல்லாம் கண்ணு முன்னாடி நின்னும் யாரும் எடுத்து பாக்கறதில்ல, அதுதான் எனக்கு வருத்தம். குரங்கு வெத்தலையத்தான் போன்சாய் உலகத்துல ஃபுகியன் டீன்னு சொல்லி பெருசா கொண்டாடறாங்க, வேலியோரம் நிக்கிற அதே செடிதான்! சின்ன பளபளப்பான இலை, வெள்ளப் பூ, குட்டி சிவப்பு பழம், அதுக்கு மேல என்ன வேணும்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இச்சிதான், சின்ன இலை இச்சி. தப்பா வெட்டினாலும் துளிர்க்கும், வேரை பாதி எடுத்தாலும் பொழைக்கும், காயம் ஆறும். ஆலுக்கு இலை பெருசு, என்ன பண்ணினாலும் ஒரு அளவுக்கு மேல சுருங்காது, அதனால ஆலை உள்ளங்கை சைஸ்ல பண்ண நெனைக்காதீங்க, ரெண்டடி உயரம் வர்ற மாதிரி திட்டம் போட்டா இலையும் மரமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். அரசு பாக்க அழகு, ஆனா காம்பு நீளம், கிளை நெருக்கமா கட்டாது, நான் ரெண்டு தடவ முயற்சி பண்ணி இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கேன். பராய் எனக்கு ரொம்ப புடிச்சது. இலைய தொட்டா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், வெட்ட வெட்ட நெருக்கமா கிளைக்கும், எளசா இருக்கும்போதே பட்டை கிழட்டு மரம் மாதிரி தெரியும். தாய்லாந்துல இதை பல காலமா வெட்டி வெட்டி உருவம் பண்றாங்க, இது பட்டையில காகிதமும் செஞ்சிருக்காங்க.

கன்னு எங்க எடுக்கிறதுன்னா, காட்டுல தோண்டாதீங்க. விதை போடுங்க, குச்சி நடுங்க, நாற்றங்கால்ல வாங்குங்க. சுவத்து வெடிப்புல பறவை எச்சத்துல முளைச்ச ஆலு, இச்சி, எப்படியும் புடுங்கி எறியப் போறாங்கன்னா வீட்டுக்காரங்கள கேட்டுட்டு எடுத்துக்கலாம், அதுல வேர் சுவத்தோட ஒட்டி சப்பையா வளஞ்சு நெளிஞ்சு வந்திருக்கும், அப்படி ஒரு அடிப்பகுதிய தொட்டியில பண்ணவே முடியாது.

இனி வேர். எல்லாரும் கிளைய பாத்துக்கிட்டே இருப்பாங்க, நான் இப்பல்லாம் மொத ரெண்டு வருஷம் கிளைய ஏறெடுத்தே பாக்கறதில்ல. கிளை தப்பானா வெட்டிட்டு வேற வர வெக்கலாம், வேர் ஒரு பக்கமா வந்துட்டா பத்து வருஷம் கழிச்சும் உறுத்தும். கன்னு நாலஞ்சு இலை விட்டதும் எடுத்து ஆணிவேர வெட்டிடுவேன், சல்லிவேர் ஆரம்பிக்கிற எடத்துக்கு கொஞ்சம் கீழ. அப்புறம் ஒரு தரை ஓடு, உடஞ்ச டைல்ஸ் துண்டு எதுனாலும் சரி, அது மேல கன்ன ஒக்கார வெச்சு வேரை சுத்தியும் சூரியக்கதிர் மாதிரி பரப்பி மேல மண்ண போடுவேன். கீழ போக வழியில்லாததால வேர் பக்கவாட்டுலதான் ஓடும். ஒவ்வொரு வருஷமும் எடுத்து பாக்கணும், கீழ் நோக்கி போறது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டது, ரொம்ப பருத்து மத்ததை அமுக்குறது, இதையெல்லாம் வெட்டணும். ஒரே ஒரு வருஷம் சோம்பல்ல விட்டேன், ஒரு இச்சியில வேர் தண்டை சுத்தி சங்கிலி மாதிரி இறுக்கிடுச்சு, அதை சரி பண்ண விண்பதியம்தான், அதாவது மரத்துல இருக்கும்போதே தண்டுல புது வேர் வர வெக்கிறது, போட வேண்டி வந்துச்சு.

அந்த பதியமும் கத்துக்க வேண்டிய ஒண்ணு. வேர் வேணுங்கிற எடத்துல தண்டோட குறுக்களவு மாதிரி ஒன்றரை மடங்கு அகலத்துக்கு பட்டைய வளையமா உரிக்கணும், உரிச்ச எடத்துல வழவழன்னு ஒரு பச்சைப் படலம் இருக்கும், கத்தியோட முதுகால அதை சுத்தமா சொரண்டி எடுக்கணும், கொஞ்சம் விட்டாலும் பட்டை மறுபடி சேந்துக்கும், வேர் வராது. ஈரமான தேங்கா நார்க்கழிவ சுத்தி பிளாஸ்டிக் கவரால இறுக்கிக் கட்டினா இச்சியில அஞ்சாறு வாரத்துல கவருக்குள்ள வெள்ள வெள்ளையா வேர் தெரியும். வேர் பழுப்பாகி கிளைக்க ஆரம்பிச்சதும் அறுத்து நடலாம். சுத்தியும் சமமா வேர் வர்றதுக்கு இத விட நல்ல வழி எனக்குத் தெரியல.

வேர் சரியாச்சுன்னா மரத்தை ஓட விடணும். ஓட விடறதுன்னா நெசமாவே ஓட விடறது, கிள்ளாம, வெட்டாம, அசிங்கமா ஆறடி எட்டடி போனாலும் விடறது. தரையில நட எடம் இருந்தா தரைதான் நல்லது. ஜப்பான்ல 1923 நிலநடுக்கத்துக்கு அப்புறம் டோக்கியோவுல போன்சாய் வளத்தவங்க சிலர் நல்ல மண்ணு, தண்ணி, விசாலமான எடம் தேடி கெளம்பி 1925ல டோக்கியோவுக்கு வடக்க இருக்கிற ஓமியாவுல போய் குடியேறினாங்க, கடைசி உருவம் எவ்வளவு சின்னதானாலும் அதுக்கு பின்னால நெலம் வேணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. எடம் இல்லாதவங்க காய்கறி கழுவுற பிளாஸ்டிக் சல்லடைக் கூடையில நடுங்க. வேர் ஓட்டை வழியா வெளிய எட்டிப் பாத்ததும் காத்து பட்டு நுனி காஞ்சுடும், உடனே பின்னாடி இருந்து பத்து சல்லிவேர் கிளைக்கும், சாதா தொட்டியில மாதிரி வட்டமா சுத்தாது. அந்த கூடைய இன்னும் கொஞ்சம் பெரிய மண் தொட்டி மேல வெச்சுட்டா வேர் கீழயும் எறங்கி தரையில நட்ட வேகத்துல பாதியாவது வரும்.

தியாகக் கிளைன்னு ஒண்ணு வெச்சுக்கணும். தண்டோட அடியில, பின்பக்கமா, ஒரு கிளைய வெட்டாம நீள விடறது. அது மேல சொன்ன கணக்குப்படி தனக்கு கீழ இருக்கிற அடிப்பகுதிய மட்டும் பருக்க வெக்கும், மேல் தண்டு ஒல்லியாவே இருக்கும், அப்பதான் அடி பெருத்து மேல போகப் போக மெலிஞ்சு வர்ற உருவம் கெடைக்கும். வேலை முடிஞ்சதும் அதை அடியோட எடுத்துடணும். பின்பக்கம்னு சொல்றது ஏன்னா காயம் முன்னால தெரியக் கூடாது.

அடி தேவையான அளவுக்கு பருத்ததும் பெரிய வெட்டு. மொத தடவ எனக்கு கை நடுங்குச்சு, ஏழடி மரத்தை ஒரு சாண் விட்டு அறுக்கணும். நல்லா துளிர் விடற காலத்துல பண்ணுங்க, மரம் முழு பலத்தோட இருக்கும்போது மட்டும். ஆல் இச்சியில வெட்டினா பால் கொட்டும், தண்ணிய தெளிச்சா நின்னுடும், தொடைச்சிட்டு காயத்துக்கு பேஸ்ட் தடவலாம். ஒரு விஷயம் பட்டுத் தெரிஞ்சது: வேணுங்கிற கணுவுக்கு ஒட்டி வெட்டாதீங்க, ரெண்டு சென்டிமீட்டர் மேல விட்டு வெட்டுங்க. இந்த வகை மரம் வெட்டின எடத்துல இருந்து அடுத்த கணு வரைக்கும் காஞ்சு எறங்கும், ஒட்டி வெட்டினா அந்த கணுவும் சேந்து போயிடும். காய்ஞ்ச அந்த துண்ட மூணு மாசம் கழிச்சு சாய்வா செதுக்கிக்கலாம். ரெண்டு மூணு வாரத்துல துளிர் கூட்டமா வரும், எல்லாத்தையும் கொஞ்ச நாள் விட்டு, அப்புறம் ஒண்ண தேர்ந்தெடுத்து அதை புது நுனியா ஓட விடணும், அது கீழ் தண்டுல மூணுல ரெண்டு பங்கு மொத்தம் வந்ததும் மறுபடி வெட்டு. இப்படி மூணு தடவ வெட்டினா தண்டு வளஞ்சு வளஞ்சு மெலிஞ்சு போற உருவம் வந்துடும். சீனாவுல குவாங்டாங் பக்கம் லிங்னான் பாணின்னு இருக்கு, கம்பிய பெருசா நம்பாம வெட்டி வளத்து வெட்டி வளத்தே உருவம் பண்றது, வெப்பமான எடத்து மரங்களுக்கு இதுதான் ரொம்ப பொருந்துதுன்னு என் அனுபவத்துலயும் தெரிஞ்சது. பராய், காட்டெலுமிச்சை ரெண்டையும் நான் இப்படி மட்டும்தான் பண்றேன், அதுங்க கிளை சீக்கிரம் வெறச்சு போயிடும், வளைக்கப் போனா படக்குனு ஒடஞ்சிடும்.

கம்பி சுத்தறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. அலுமினியக் கம்பி போதும், கிளை மொத்தத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது 9 மில்லிமீட்டர் கிளைக்கு 3 மில்லிமீட்டர் கம்பி, 45 டிகிரி சாய்வுல சீரா சுத்தணும். மழைக்காலத்துல ஒரு இச்சிக்கு சுத்திட்டு அஞ்சு வாரம் திரும்பி பாக்கல, கம்பி பட்டைக்குள்ள புதைஞ்சிருந்துச்சு, அதை பிரிச்சு எடுக்கப் போய் பட்டையும் கூடவே வந்துடுச்சு. அந்த திருகாணித் தழும்பு மூணு வருஷம் ஆகியும் தெரியுது. கம்பிய பிரிக்காதீங்க, கட்டரால ஒவ்வொரு சுத்தா நறுக்கி எடுங்க, வளர்ற காலத்துல வாரம் ஒரு தடவ குனிஞ்சு பாருங்க.

மண்ணு பத்தி நெறய பேர் கேக்கறாங்க. ஒரு சோதனை பண்ணி பாருங்க. பாத்திரம் தேய்க்கிற செவ்வக ஸ்பாஞ்ச தண்ணியில முக்கி எடுத்து படுக்க வெச்சு புடிங்க, சொட்டி முடிச்சதும் நின்னுடும். அதையே நிமுத்தி நீளவாக்குல புடிங்க, மறுபடி தண்ணி கொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே ஈரம், உயரம் மட்டும்தான் மாறிச்சு. மண்ணும் அப்படித்தான், அடியில ஒரு அளவு உயரத்துக்கு தண்ணி தேங்கியே நிக்கும், அந்த உயரம் மண் துகளோட சைஸ பொறுத்தது, தொட்டி ஆழத்த பொறுத்தது இல்ல. ஆழமான தொட்டியில அந்த ஈரம் அடியில கெடக்கும், மேல இருக்கிற வேருக்கு காத்து கெடைக்கும். ஆழமில்லாத தட்டுல பொடி மண்ண போட்டா மொத்த வேரும் தண்ணிக்குள்ள. தட்டுல மரம் அழுகிப் போறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம், அதிகமா தண்ணி ஊத்தினது கூட இல்ல. அதனால தட்டுக்கு நான் செங்கல் ஜல்லிய சலிச்சு 3ல இருந்து 6 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கிறத எடுத்துக்கறேன், தூளெல்லாம் கழுவி வெளிய, அதோட கால் பங்கு மக்கின உரம். வளக்கிற சாக்குக்கும் தரைக்கும் இவ்வளவு பாக்க வேணாம், தண்ணி வடிஞ்சா சரி, புண்ணாக்கு தண்ணி பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா ஊத்துங்க, ஓடற மரத்துக்கு நல்லா தீனி வேணும். மண்ணு மாத்தி வேர் வெட்டின மரத்துக்கு மட்டும் ரெண்டு வாரம் நெழலு, உரம் கூடாது.

நேரத்தை மிச்சம் பண்ண ஒரு வழி உண்டு. ஆல், இச்சி வகைக்கு ஒண்ணோட ஒண்ணு உரசி அழுந்தினா ஒட்டிக்கிற குணம் இருக்கு. நான் ஏழு இச்சிக் கன்னுகள வரிசையா சேத்து வெச்சு, சைக்கிள் டியூப நீளமா நறுக்கி அதால அடியில இருந்து ஒரு சாண் வரைக்கும் இறுக்கி சுத்தி விட்டேன். ஒன்றரை வருஷம் கழிச்சு பிரிச்சேன், நடுவுல கோடு கோடா பள்ளம் தெரிஞ்சுது, ஆனா பிரிக்க வரல, ஒரே தண்டு. அந்த பள்ளமே வயசான ஆலமரத்து அடி மாதிரி இருக்கு. விழுது வேணும்னாலும் காத்திருக்க வேணாம், கிளையில வேர் நுனி எட்டிப் பாக்கும்போது உறிஞ்சுகுழல நீளவாக்குல கீறி ஈரமான நார்க்கழிவ அடைச்சு வேரை உள்ள விட்டு மண்ணுல குத்தி வெச்சா நேரா கீழ எறங்கிடும், மண்ண தொட்டதும் மளமளன்னு பருக்கும்.

இலைய சின்னதாக்கறதுக்கு மொத்த இலையையும் காம்ப விட்டு நறுக்கறதெல்லாம் கடைசி கட்டம், மரம் தட்டுக்கு போனதுக்கு அப்புறம், வருஷம் ஒரு தடவ, நல்ல வெயில் காலத்துல, ஆரோக்கியமா இருக்கிற இச்சிக்கு மட்டும். பருக்க வெக்கிற கட்டத்துல இருக்கிற கன்னுக்கு ஒரு இலைகூட எடுக்காதீங்க, ஒவ்வொரு இலையும் தண்டுக்கு சோறு.

அந்த தட்டு ஆலங்கன்ன அன்னிக்கே எடுத்து சாக்குல மாத்திட்டேன். இப்ப மூணு வருஷம் முடிஞ்சுது, அடி ஆறரை சென்டிமீட்டர். தட்டுல இருந்தப்போ சுருட்டி வெச்சிருந்த ஒரு வேர் மட்டும் இன்னும் எடது பக்கம் முட்டி மாதிரி புடைச்சிக்கிட்டு நிக்குது, அதை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணல. பின்னாடி தியாகக் கிளை ரெண்டு ஓடுது, ரெண்டும் என் தலைக்கு மேல. அடுத்த மழை புடிச்சு துளிர் கெளம்பினதும் கீழ இருக்கிறத மட்டும் அறுக்கப் போறேன், மேல இருக்கிறது இன்னும் ரெண்டு வருஷம் ஓடட்டும். அதோட பழைய தட்டு கழுவி கவுத்து வெச்சிருக்கு.